யோகட் செய்யும் மின்சாரச் சட்டியோடு வீடு மாறுவது எப்படி

20 லீற்றர் பால் கொள்ளும் இரட்டைச் சட்டி, வெளிச்சட்டித் தண்ணீரைச் சூடாக்கும் 3000 வாட் எலிமென்ட், கப்பில் ஊற்றிய பாலை இளஞ்சூட்டில் உறையவைக்கும் பல்ப் பூட்டிய பெட்டி, ஒரு பிரிட்ஜ். வீட்டில் யோகட் செய்து கடைகளுக்குப் போடுகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பட்டா எனும் சின்ன லொறியில் ஒரே நடையில் ஏற்றிவிடலாம். வில்லங்கம் எல்லாம் போய் இறங்கும் வீட்டில்தான்: சுவருக்குள் ஓடும் வயரில், நிலத்தில் அடித்த எர்த் கம்பியில், கிணற்றில். ஆகவே சாமான் கட்டுமுன் வயரிங் தெரிந்த ஒருவரோடு அந்த வீட்டுக்கு ஒருதரம் போய்வாருங்கள்.

3000 வாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் தாங்கக்கூடிய கடைசி அளவு அது. கேத்தல் என்றால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். சட்டி முக்கால் மணி, ஒரு மணி என்று விடாமல் இழுக்கும். பழைய பிளக்கைக் கையில் எடுத்து முள்ளின் அடியைப் பாருங்கள். மண்ணிற வளையம் விழுந்திருந்தால் அது சூட்டில் இளகத் தொடங்கிவிட்டது. அதைப் பழைய வீட்டிலேயே எறிந்துவிடுங்கள். புது வீட்டில் மெயின் போர்ட்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, அதற்கென 20 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றும் சட்டிக்குக் கிட்ட 20 ஆம்பியர் சுவிச் ஒன்றும் போட்டு, பிளக்கே இல்லாமல் நேரே கொடுப்பதுதான் எங்கள் சிபாரிசு. பழைய வீடுகளில் உருண்டை முள் பிளக் பொயின்ட் இருக்கும். அதில் அடப்டர் சொருகி இந்தச் சட்டியை ஓட்டவே கூடாது. வீட்டு இணைப்பு 30 ஆம்பியர் என்றால், சட்டி ஓடும் நேரத்தில் அயன்பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரான்ஸ்போமருக்குத் தூரமான வீடுகளில் மாலையில் வோல்ட் இறங்கும். 200 வோல்ட்டில் உங்கள் 3000 வாட் எலிமென்ட் 2270 வாட்தான் தரும். 20 லீற்றர் பாலும் 10 லீற்றர் வெளித்தண்ணீரும் 30 பாகையிலிருந்து 88 பாகைக்கு ஏற, வீணாகும் சூட்டைக் கணக்கில் எடுக்காமலே 40 நிமிடம் வேண்டும். வோல்ட் இறங்கினால் 53 நிமிடம். எலிமென்ட் பழுதென்று கழற்றுமுன் வோல்ட் மீற்றரை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது எர்த். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கிழக்குக் கரையோர மணலில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மண் பொரிமணல் போலக் காய்ந்து கிடக்கும். அதில் இரண்டடிக் கம்பி குத்தியிருந்தால் எர்த் இருந்தும் இல்லாததுதான். ஆனால் அதே மணலில் கிணற்று நீர்மட்டம் ஆழமில்லை. ஈரமணலைத் தொடும்வரை நீளமான கம்பி அடித்தால் காரியம் முடிந்தது. கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சில் 30 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதிலுள்ள ரெஸ்ட் (TEST) பொத்தானை அமத்தி விழுகிறதா என்றும் பாருங்கள்.

மாரிக்குள் வீடு மாறுகிறவர்களுக்கு வரும் தலையிடி ஒன்று உண்டு. சட்டி பழைய வீட்டில் நன்றாக ஓடியது, இரண்டு மூன்று மாதம் சாக்கு மூடிக் கிடந்தது, புது வீட்டில் சுவிச் போட்டதும் ட்ரிப் விழுகிறது. எலிமென்ட் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைத் தூள் மக்னீசியம் ஒக்சைட். முனையின் அடைப்பு வெடித்திருந்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அந்த ஈரத்தின் வழியே கரண்ட் குழாய்க்குக் கசியும். சிலர் எர்த் வயரைக் கழற்றிவிட்டு “இப்ப சரி” என்பார்கள். கசிவு அப்படியேதான் இருக்கும். சட்டியின் உடம்பிலேயே கரண்ட் நிற்கும், ஈரக் கையோடு அகப்பை பிடித்துக் கிண்டுகிறவர்தான் அதற்கு எர்த். சரியான வழி: எலிமென்டைக் கழற்றி, றப்பர் வாசரை எடுத்துவிட்டு, கேக் ஓவனில் 110 பாகையளவில் மூன்று நான்கு மணி நேரம் காயவைத்து, கரண்ட் கசிவை அளக்கும் 500 வோல்ட் மெகர் மீற்றரில் பார்ப்பது. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் புதிது வாங்குங்கள். மீண்டும் பூட்டும்போது வாசரும் புதிதாக இருக்கட்டும். பழைய வாசர் ஒருதரம் நசுங்கிய இடத்தில் மறுபடி ஒழுங்காகப் பொருந்தாது, ஒழுகும்.

வாவியோரக் கிணறுகளில் உப்புச் சுவை இருந்தால் அந்தத் தண்ணீரை வெளிச்சட்டிக்கு ஊற்ற வேண்டாம். உப்பு எவர்சில்வரில் ஊசிக்குத்துப் போலத் துளைபோடும். தண்ணீர் கடினமானதென்றால் சுண்ணாம்பு எலிமென்டில் படிந்து சூட்டை உள்ளே அடைக்கும், எலிமென்ட் எரியும். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் போதும். படிந்த வெள்ளையை எடுக்க, லீற்றருக்கு 20 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து அரைமணி மெல்லச் சூடாக்குங்கள்.

பிரிட்ஜை நிமிர்த்தி ஏற்றுங்கள்; இறக்கியபின் நான்கு மணி நேரம் சும்மா விட்டுச் சுவிச் போடுங்கள். உறைக்கு, அதாவது புதுப் பாலில் கலக்கும் பழைய யோகட்டுக்கு, கடைசியாகப் போட்டதில் எட்டுக் கப்பை எடுத்து ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் தனியாகக் கொண்டுபோங்கள். 100க்கு 2 முதல் 3 பங்கு உறை என்றால் 20 லீற்றருக்கு 80 கிராம் கப்பில் ஐந்து முதல் எட்டுக் கப் பிடிக்கும். ஒரு கிழமைக்கு மேல் வைத்த உறையை நம்ப வேண்டாம்.

யோகட் கப் மூடியில் அச்சடித்த பழைய முகவரி இனி உதவாது. புதிய இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) இடமாற்றத்தைச் சொன்ன பிறகு புது மூடிக்கு ஓடர் கொடுங்கள்.

முதல்நாள் பால் வேண்டாம். இரண்டு சட்டியிலும் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எலிமென்ட் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியிருக்கிறதென்று கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிச். வெறும் சட்டியில் போட்டால் ஒரு நிமிடத்திலேயே கருகலாம். இடையில் சுவிச், வயர், இணைப்புகளின் வெளிமூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் மெயினை அணைத்து எந்த ஸ்குரூ தளர்ந்திருக்கிறதென்று தேடுங்கள்.

இரண்டாம் நாள் 5 லீற்றர் மட்டும். 85 பாகையில் அரைமணி வைத்து, 43க்கு ஆறியதும் உறை போட்டு, கப்பில் ஊற்றிப் பல்ப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கொன்ரோலரின் சென்சரை முன்பே ஐஸ் கலந்த தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா பார்த்திருக்க வேண்டும். ஏற்றி இறக்கும்போது அந்த மெல்லிய வயர்தான் முதலில் நசுங்கும். நான்கு மணி நேரத்தில் மேல்தட்டுக் கப்பில் தண்ணீர் விட்டு, கீழ்த்தட்டுக் கப் பாலாகவே ஆடினால் உறையில் குற்றமில்லை. புதுக் குசினியில் வாடைக் காற்று கதவடியால் வந்து பெட்டியின் அடியைக் குளிரவைக்கிறது. பெட்டியைக் கதவுக்கு எதிரில் இருந்து எடுத்து, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, உள்ளே ஒரு சின்ன கொம்பியூட்டர் விசிறி பூட்டுங்கள். பிரிட்ஜின் தலையில் மட்டும் வைக்க வேண்டாம். கொம்பிரசர் அதிர அதிர, உறைந்துவரும் யோகட் வெடித்துத் தண்ணீர் விடும்.