தோட்டத்து வீட்டில் 4ஜி ரவுட்டர்: வீடியோ நிற்காமல் ஓட என்ன செய்யலாம்?

ஃபைபர் இழுக்காத மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 4ஜி ரவுட்டர்தான் வீட்டு இணையம். பிள்ளையின் ஸூம் வகுப்பு நின்று நின்று வந்தால் உடனே பெரிய பேக்கேஜுக்கு மாறுகிறார்கள். மாதாமாதம் காசு கூடுகிறது, வகுப்பு அப்படியேதான் நிற்கிறது. அதற்கு முன் ரவுட்டரை வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய வேலை இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான்.

முதலில் சிக்னல் கோபுரத்தில் இருந்து ரவுட்டர் வரை

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். வைஃபையில் இணைந்த ஃபோனின் பிரவுசரில் அந்த முகவரியை அடித்து உள்ளே போங்கள். சிக்னல் விவரம் உள்ள பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்.

ஆர்.எஸ்.ஆர்.பி (RSRP) என்பது சிக்னலின் பலம். கழித்தல் குறியோடு வரும், பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -90க்கு மேலே என்றால் திருப்தி, -110க்குக் கீழே போனால் சிரமம். எஸ்.ஐ.என்.ஆர் (SINR) என்பது சிக்னலின் சுத்தம். 20ஐத் தொட்டால் அருமை, பூச்சியத்துக்குக் கீழே என்றால் இரைச்சல்தான் அதிகம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எஸ்.ஐ.என்.ஆரை நம்புங்கள். ஃபோனில் தெரியும் கோடுகள் இந்தச் சுத்தத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. அதனால்தான் நாலு கோடு இருந்தும் வீடியோ ஓடாமல் நிற்கிறது.

இனி ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். இஸ்தோப்பு, முன் ஜன்னல், பின் ஜன்னல் என்று ஒவ்வொரு இடத்திலும் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரையில் ரூபவாஹினி அன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த காலத்துப் பொறுமை இதற்கும் வேண்டும். தகரக் கூரையும் பழைய லயங்களின் கருங்கல் சுவரும் சிக்னலை நன்றாகவே மறைக்கும். ஆகவே காம்பராவின் உள்மூலை வேண்டாம், ஜன்னலோரம்தான் சரி. கோபுரம் நமக்கும் அதற்கும் இடையே உள்ள மலையில் மறைந்திருந்தால், எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு ஜன்னலில் நன்றாகக் கிடைக்கலாம். எல்லா ஜன்னலையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பனிமூட்டத்தால் நெட் வரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். 4ஜி அலைவரிசைகளைப் பனிமூட்டம் தடுப்பது மிக மிகக் குறைவு. மாலை நேரத்தில் நெட் மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரே கோபுரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேருவதுதான்.

அப்புறம் ரவுட்டரில் இருந்து ஃபோன் வரை

ரவுட்டர் பக்கத்திலேயே நின்று வேகத்தை அளந்து பாருங்கள், பிறகு உள்ளறையில் அளந்து பாருங்கள். உள்ளே மட்டும் குறைந்தால் குறை வைஃபையில் இருக்கிறது. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, தூரம் போகும். லயத்தில் 2.4இல் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த அலைவரிசைக்குள் உள்ள தடங்களான சேனல்களில், ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 என மூன்றுதான். வரிசையாக ஒட்டிய வீடுகளில் எல்லோரும் 6இல் இருந்தால் எல்லோருக்கும் நெரிசல். பக்கத்து வீட்டாரோடு பேசி ஆளுக்கொரு சேனலை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவி ரவுட்டருக்குக் கிட்டவே இருந்தால் ஒரு லேன் கேபிளைக் குத்திவிடுங்கள், வைஃபை பிரச்சினையே இல்லை.

கடைசியாக வீடியோ

வேகம் மெகாபிட்டில், டேட்டா மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 மெகாபைட் போகும். நெட்பிளிக்ஸ் 720பிக்கு 3 மெகாபிட்டும், 1080பிக்கு 5 மெகாபிட்டும் கேட்கிறது. 5 மெகாபிட் முழுதாக ஓடினால் மணிக்கு 2.25 கிகாபைட். சின்ன ஃபோன் திரையில் பாட்டு கேட்க 480பி தாராளம். யூடியூபில் கணிதப் பாடம் பார்க்கும்போது கரும்பலகை எழுத்து மங்கினால் மட்டும் 720பிக்குப் போங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் யூடியூப் சில வினாடித் துண்டுகளாக, அந்தந்த நேரத்து வேகத்துக்கு ஏற்ற தரத்தில் படத்தை எடுக்கும். தெளிவு கூடிக் குறைவது அதனால்தான். ஸூம் வகுப்பில் குரல் வெட்டினால் உங்கள் கேமராவை நிறுத்துங்கள், மேலே அனுப்பும் வேகம் மிச்சமாகும்.

நெட் நன்றாக இருந்தும் படம் மட்டும் தடுமாறினால், யூடியூபின் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்’ பகுதியைத் திறந்து கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை, எதுவென்று பாருங்கள். 2018இல் வந்த ஏவி1, 2003இல் வந்த எச்.264ஐ விடக் குறைந்த டேட்டாவில் அதே தெளிவைத் தரும். ஆனால் அதை விரிக்கும் சிப் இல்லாத பழைய ஃபோன் சூடாகித் திணறும். அப்படியானால் தரத்தை ஒரு படி இறக்குங்கள்.

ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.