டிக்காஷன் இறங்கும் வரை: பொறுமைக்கு ஓர் எளிய பயிற்சி

கோபம் தலைக்கேறிய பிறகு பொறுமையைத் தேடினால் கிடைக்காது. அவசரம் சின்னதாக இருக்கும்போதே அதைக் கவனித்துப் பழக வேண்டும். அதற்கு என் சிபாரிசு, காபி பில்டர். பாய், ஊதுவத்தி, தனியறை எதுவும் வேண்டாம்.

படி 1. தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடியதும் அங்கேயே நில்லுங்கள். முழு டிக்காஷனும் இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்; தொடக்கத்தில் மூன்று நிமிடம் நின்றால் போதும். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். இதில் மட்டும் சலுகை கிடையாது.

படி 2. பாதம் தரையில் படுவதை உணருங்கள். தாடையும் தோளும் இறுகியிருந்தால் தளர்த்துங்கள். மூச்சை இயல்பாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு.

படி 3. கடினமானது இதுதான். சிறிது நேரத்திலேயே கை பரபரக்கும். பில்டரைத் தட்டத் தோன்றும். திறந்து பார்க்கத் தோன்றும். 'இந்நேரம் பாத்திரம் தேய்த்திருக்கலாமே' என்று மனம் கணக்குப் போடும். எதையும் அடக்க வேண்டாம். 'தட்டத் தோன்றுகிறது' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, அந்தப் பரபரப்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெஞ்சிலா, விரல் நுனியிலா? பெரும்பாலும் அது ஏறி, சற்று நின்று, தானே அடங்கிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அடங்குதலைத்தான். இடையில் கவனம் எங்காவது ஓடினால் பாதத்துக்குத் திரும்புங்கள். எத்தனை முறை ஓடினாலும் பரவாயில்லை.

இது விளையாட்டாகத் தெரியலாம். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சியிலும் முதல் பாடங்களில் ஒன்று, ஓர் உலர்திராட்சையை நிதானமாக மென்று தின்பதுதான். அந்தப் பயிற்சி எட்டு வாரம் நீளும். ஆகவே இரண்டே நாளில் சாந்த சொரூபி ஆகவில்லையே என்று பில்டரைப் பழிக்காதீர்கள்.

படி 4. பழகியபின் வெளியே கொண்டுபோங்கள். மூடிய ரயில்வே கேட், சிவப்பு சிக்னல் (கண்ணை மூடாமல்!), பிறகு மனிதர்கள். குழந்தை ஷூ லேஸ் கட்டி முடிக்கும்வரை கையை நீட்டாமல் இருந்து பாருங்கள். மனிதர்களிடம் கூடுதல் நாள் பிடிக்கும். பில்டர் எதிர்த்துப் பேசாது அல்லவா?

ரேஷன் கடை வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பின்னால் வாருங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லும்போது தாடை இறுகுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.