பட்டத்துக்கு மேல் கூடுதல் கிரெடிட்: பதியும் முன் பார்க்க வேண்டியவை

ஐந்தாம் செமஸ்டரில் புள்ளியியலைக் கூடுதல் பாடமாக எடுத்தேன். நீங்களும் எடுப்பதாக இருந்தால், முதலில் கல்லூரியின் விதிமுறைக் கையேட்டைப் புரட்டுங்கள். ஒரு செமஸ்டருக்கு எத்தனை கிரெடிட் (பாடத்துக்கான உழைப்பை அளக்கும் அலகு) வரை அனுமதி, தாண்டினால் தனிக் கட்டணமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த கிரேடு உங்கள் சராசரியில் சேருமா என்பது. சேரும் என்றால், ஆசைக்கு எடுத்த பாடமே மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். 'தேர்ச்சி மட்டும்' என்று பதிய முடியுமா என ஆலோசகரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நேரக் கணக்கும் போடுங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் ஈசிடிஎஸ் (ECTS) என்ற கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் பாடம் என்றால் குறைந்தது 125 மணி நேரம். என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் முழுக்க நிகழ்தகவுக் கணக்குகளுக்கே போயின. சமாளிக்க முடியவில்லையா? விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள்.