தெர்மாகோல் பெட்டியும் தப்புக் கணக்கும்: உயரப் பலூன் விடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவும் கருவிகளும் வைத்த பெட்டியைக் கட்டி 30 கி.மீ. உயரத்துக்குப் பலூன் விடப்போகும் புதிய மாணவர் குழு ஒன்று, தங்கள் பெட்டியைக் கொண்டுவந்து காட்டியது. நாலு விரல் தடிமனுக்குத் தெர்மாகோல், உள்ளே பஞ்சு, வெளியே சுற்றிலும் கறுப்பு டேப். என் முதல் பெட்டியும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. பேட்டரியை சார்ஜ் செய்யுங்கள், முடிச்சை இறுக்குங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். காற்றடுக்குகளைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் வரும் தவறுகள் மட்டும் இங்கே. ஒவ்வொரு தலைப்பும் அப்படியொரு தவறு.

மேலே போகப் போகக் குளிரும்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். தரையை ஒட்டிய கீழடுக்கில் (ட்ரோபோஸ்பியர்) ஒரு கி.மீ. ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். பலூன் 30 கி.மீ. போகும். பெருக்கினேன், 195 வந்தது. தரையில் 30 டிகிரி என்றால் மேலே மைனஸ் 165! பயந்துபோய் தெர்மாகோலை அடுக்கினேன்.

பெட்டி கனத்தது. பலூன் மெதுவாக ஏறியது, காற்று அதை நினைத்ததைவிட வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனது. இரண்டு நாள் தேடி எடுத்துப் பார்த்தால், பாதி வழியிலேயே கேமரா நின்றிருந்தது. குளிரில் உறைந்துவிட்டது என்றே நினைத்தேன். பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் பதிவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கேமரா சூட்டில் வெந்துபோயிருந்தது.

கிலோமீட்டருக்கு 6.5 என்ற கணக்கு கீழடுக்கோடு முடிந்துவிடுகிறது. அந்த அடுக்குக்கு அடுப்பு தரைதான். வெயிலில் சுட்ட தரை காற்றைக் கீழிருந்து சூடாக்குகிறது, அதனால் விலக விலகக் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள மீள் அடுக்கில் (ஸ்ட்ராடோஸ்பியர்) வேறோர் அடுப்பு எரிகிறது. அங்குள்ள ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடாகிறது. அதனால் ஏற ஏற வெப்பநிலை கூடி, 50 கி.மீ. பக்கம் பூஜ்ஜியத்தை நெருங்கிவிடும். நான் மைனஸ் 165 என்று நினைத்த 30 கி.மீ. உயரத்தில் உண்மையில் மைனஸ் 45 போலத்தான் இருக்கும்.

சரி, மைனஸ் 45-இல் கேமரா எப்படி வேகும்? 25 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு. சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்றே போதாது. கேமராவின் சூடு வெளியேற வழியில்லை, கறுப்பு டேப் வெயிலைக் குடிக்கிறது, நடுவே நான் அடுக்கிய தெர்மாகோல்.

பிரெஞ்சு வானிலையாளர் டெஸ்ஸெரன் த போர் இதே இடத்தில் என்ன செய்தார் என்று பிறகு படித்தேன். சுமார் 11 கி.மீ.க்கு மேல் அவருடைய பலூன்களில் வெப்பநிலை குறைவது நின்றுபோனது. வெயில் பட்டுக் கருவி பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு இரவிலும் பலூன் விட்டார். இருநூறுக்கு மேல் விட்டுப் பார்த்த பிறகுதான், மேலே வேறோர் அடுக்கு இருக்கிறது என்று 1902-இல் அறிவித்தார். எனக்கோ என் பெருக்கல்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை.

குளிர்காப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையைக் கடக்கும்போது நல்ல குளிர்தான், ஆனால் சில பத்து நிமிடங்களில் தாண்டிவிடும். மெல்லிய தெர்மாகோலும் வெள்ளைப் பூச்சும் போதும்.

எல்லை எங்கேயும் 12 கி.மீ.தான்

பாடப் புத்தகப் படத்தில் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே நேர்கோடு போட்டிருப்பதால் வரும் நம்பிக்கை. துருவத்தில் 8, 9 கி.மீ.யிலேயே கீழடுக்கு முடிந்துவிடும். நிலநடுக்கோட்டில் 16 முதல் 18 வரை போகும். அங்கே வெப்பநிலை குறைவதற்கு அதிக உயரம் கிடைப்பதால், வெப்பமண்டலத்து எல்லையில் மைனஸ் 80 வரை இறங்கும். துருவத்து எல்லை அவ்வளவு குளிராது. எந்த ஊரில் விடுகிறீர்களோ அந்த ஊரின் எண்ணைத் தேடுங்கள்.

தரையிலேயே பலூனைப் புடைக்க ஊதுவது

சீக்கிரம் வெடிக்கும். மேலே போனால் வெளி அழுத்தம் குறைந்து பலூனின் விட்டம் ஏறக்குறைய நாலு மடங்காகும், அதற்கு இடம் விடுங்கள்.

கறுப்பு வானம் தெரிந்தால் விண்வெளி

காற்றில் 99 சதவீதம் கீழே போய்விட்டதால் வானம் கறுக்கிறது. விண்வெளி எல்லை என்று பொதுவாகச் சொல்லும் 100 கி.மீ.யில் நீங்கள் மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. ஜப்பானியர்கள் 2013-இல் 53.7 கி.மீ. வரை பலூன் அனுப்பினார்கள். அதுவே மீள் அடுக்குக்கு மேலே உள்ள இடையடுக்கின் (மீசோஸ்பியர்) வாசலைத்தான் தொட்டது.

மேலே ஆக்சிஜன் சதவீதம் குறையும்

பலூன் போகும் உயரம் முழுக்க அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம்.

அயனி மண்டலத்தைத் தனி அடுக்காக எண்ணுவது

வேண்டாம். மின்னேற்றம் பெற்ற துகள்கள் உள்ள அந்தப் பகுதி மற்ற அடுக்குகளுக்குள்ளேயே படர்ந்து கிடப்பது.

வெப்ப அடுக்கில் எல்லாம் உருகும்

இடையடுக்குக்கும் மேலே உள்ள வெப்ப அடுக்கில் (தெர்மோஸ்பியர்) வெப்பநிலை 2000 டிகிரி வரை போகும். "2000 டிகிரி என்றால் விண்வெளி நிலையம் எப்படி நிற்கிறது சார்?" என்று அந்தக் குழுவில் ஒரு பெண் கேட்டாள். நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், அந்த அடுக்குக்குள்தான் சுற்றுகிறது. அங்கே ஒவ்வொரு துகளும் அதிவேகமாகப் பாய்கிறது, அதனால் எண் பெரிதாக வருகிறது. ஆனால் மோதிச் சூடேற்றும் அளவுக்குத் துகள்கள் இல்லை. என் கேமராவின் சூட்டை வாங்க ஆளில்லாத அதே கதை. இங்கே சூட்டைக் கொடுக்க ஆளில்லை.

கேட்டவள் உடனே கறுப்பு டேப்பை உரிக்க ஆரம்பித்தாள். தெர்மாகோலைப் பாதியாக வெட்டத்தான் மற்றவர்களுக்கு இன்னும் மனசு வரவில்லை.