ஓ.டி. பட்டியலில் ஓரவஞ்சனை: முறையிடுவது எப்படி?

சனிக்கிழமை மாலை டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டப்படும் ஞாயிறு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பட்டியலில் வாராவாரம் அதே ஐந்தாறு பெயர்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பதால், அந்தப் பட்டியலில் பெயர் விடுபட்டால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வரை இடிக்கும்.

முதலில், "அவன் சூப்பர்வைசரின் ஆள்" என்று பேசுவதை நிறுத்துங்கள். அதை நிரூபிக்க முடியாது. வேலை பங்கிடப்பட்ட விதத்தை நிரூபிக்க முடியும். தேதி, ஷிப்ட், யாருக்கு எந்த இயந்திரம், யாருக்கு ஓ.டி., கேட்டும் கிடைக்காதவர் யார் என்பவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வாருங்கள். ஊகம் எதையும் அதில் எழுத வேண்டாம். கோவைப் பக்கம் நூற்பாலை ஒன்றில் நான் வேலை பார்த்தபோது மூன்று மாதம் இப்படி எழுதினேன். இருவருக்கே ஓ.டி. போவதாக நான் குமுறிக்கொண்டிருந்தேன்; அவர்களுக்கே போனதற்குக் காரணம், பழைய ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே என்பது அப்போதுதான் புரிந்தது. இரவு ஷிப்ட்டுக்கோ அப்படி ஒரு காரணமும் இல்லை: பன்னிரண்டு வாரங்களில் எனக்கு எட்டு வாரம் இரவு, சூப்பர்வைசருடன் சேர்ந்து டீக்கடைக்குப் போகும் நால்வருக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அடுத்து, சூப்பர்வைசரைத் தனியாகச் சந்தித்து, எவர் பெயரையும் இழுக்காமல், சுழற்சி முறையில் பட்டியல் போடும்படி கேளுங்கள். பலர் இதிலேயே இறங்கி வருவார்கள், ஏனெனில் கணக்கு எழுதப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் சட்டம் துணை நிற்கிறது. தகுதியைப் பாராமல் தொழிலாளர்களில் ஒரு பிரிவினருக்குச் சலுகை காட்டுவதை 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்றே குறித்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில், நிர்வாகம், தொழிலாளர் என இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்களைக் கொண்ட குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும்.

மனு எழுதுவதற்குள், பாதிக்கப்பட்டவர்கள் தனிக் கோஷ்டியாகத் திரளும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சலுகை பெற்றவர்களிலும் மனம் உறுத்துபவர் இருப்பார், அவரையும் கையெழுத்திடக் கேளுங்கள். மனுவில் நோட்டிலுள்ள கணக்கும் சுழற்சிப் பட்டியல் வேண்டும் என்ற கோரிக்கையும் மட்டும் போதும். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் அதைக் குழுவிடம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். குழு விசாரணையை முடிப்பதற்கான முப்பது நாள் கணக்கு மனு பெறப்பட்ட அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறது.