ஐரிஷ் காபி போட, விஸ்கி ருசிக்க: ஒரு காபித்தூள் கடைக்காரரின் குறிப்பு

காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பது எனக்குத் தொழில். மகள் லிமரிக்கில் படிக்கப் போனாள், அப்புறம் அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. அவளைப் பார்க்கப் போகிற சாக்கில்தான் அயர்லாந்து எனக்குப் பழக்கம். கடைக்கு வருகிறவர்களில் யாராவது அந்தப் பக்கம் கிளம்பினால், "அண்ணே, ஐரிஷ் காபி போடக் கத்துக்கிட்டு வரணும், அப்படியே விஸ்கியும் ருசி பாக்கணும், எங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். ஐரிஷ் காபி என்பது சூடான காபியில் சர்க்கரையும் விஸ்கியும் சேர்த்து, மேலே கிரீமை மிதக்கவிடுவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் பதில். முதலில் விஸ்கியைத் தனியாக முகர்ந்து பழகுங்கள். அதில் என்ன வாசனை இருக்கிறது என்று தெரியாமல் போடுகிற ஐரிஷ் காபி, போதை ஏற்றும் இனிப்புக் காபி, அவ்வளவுதான்.

விஸ்கி முதலில்

கொஞ்சம் சட்டம் தெரிந்துகொண்டால் பாட்டில் வாங்கும்போது உதவும். ஐரிஷ் விஸ்கி என்று பெயர் போட வேண்டுமானால் அந்தத் தீவிலேயே மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறியிருக்க வேண்டும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு செப்புக் கொப்பரையில் வடித்தால் அது சிங்கிள் மால்ட். முளைகட்டியதையும் முளைகட்டாததையும் சேர்த்து வடித்தால் சிங்கிள் பாட் ஸ்டில். இரண்டு பார்லியும் ஆளுக்கு 30 சதவீதமாவது இருக்கணும். இந்த இரண்டாவது வகைதான் அயர்லாந்தின் தனிச்சொத்து. 18ஆம் நூற்றாண்டில் முளைகட்டிய பார்லிக்கு வரி போட்டார்கள். வரியை மிச்சம் பிடிக்க முளைகட்டாததைக் கலந்தார்கள். சிக்கனத்துக்காகச் சேர்த்தது பிறகு விரும்பிக் கேட்கிற ருசியாகிவிட்டது. காபியில் சிக்கரி நுழைந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான், எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது.

மக்காச்சோளம் போன்ற தானியத்தை உயரமான தூண் வடிகலத்தில் வடிப்பது கிரெய்ன் விஸ்கி; லேசாக இருக்கும். அதோடு மற்றவற்றைக் கலப்பது பிளெண்டட். ஜேம்சன், டல்லமோர் டியூ, பவர்ஸ் கோல்ட் லேபிள் எல்லாம் இந்தக் கூட்டம்.

ஆலைச் சுற்றுலா எதுவும் இல்லாமலே ஒரு சாதாரண பப்பில் இதைப் பழகிவிடலாம். மத்தியானம் மூன்று நாலு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது, கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்கும் பேச நேரம் இருக்கும். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். சூப்பும் அந்த ஊர்ப் பழுப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். அங்கே ஒரு அளவு என்றால் 35.5 மி.லி. மூன்று வகை வாங்கி இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதே போதும். ஒரு பிளெண்டட், ஒரு பாட் ஸ்டில் (ரெட்பிரெஸ்ட் 12 அல்லது கிரீன் ஸ்பாட்), ஒரு சிங்கிள் மால்ட். மால்ட்டில் புகைவாசனை வேண்டுமென்றால் கனமாரா கேளுங்கள். பீட் எனும் கரிமண்ணை எரித்த புகையில் பார்லியை உலர்த்தியது. புகை உள்ளதைக் கடைசியில் வையுங்கள். முதலில் குடித்துவிட்டால் அதற்கப்புறம் எதுவும் தெரியாது.

கிளாஸ் முக்கியம். அகலமாக, ஐஸ் போட்டுத் தரும் கண்ணாடி டம்ளர் வேண்டாம். அடி பருத்து வாய் குறுகிய டியூலிப் வடிவக் கிளாஸ் கேட்டால் தருவார்கள். ஐஸ் கூடாது, குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். பக்கத்தில் சாதாரணத் தண்ணீரும் ஒரு சின்ன ஸ்பூனும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் சுரீர் என்று ஏறும், மூக்கு கொஞ்ச நேரத்துக்கு மரத்துவிடும். காபி ருசி பார்க்கும்போது நாங்கள் ஸ்பூனில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவோம். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும், தொண்டை எரியும். முதல் மிடறு சும்மா நாக்கை நனைக்கத்தான். அதை வைத்து எதுவும் முடிவு பண்ணாதீர்கள், எரிச்சல் மட்டும்தான் தெரியும். இரண்டாவது மிடறை நாலைந்து விநாடி நாக்கின் மேல் உருட்டி விழுங்கிவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நல்ல சரக்கு அப்போதுதான் பேசும். பாட் ஸ்டில்லில் எனக்கு நாக்கில் ஒரு எண்ணெய்ப்பசையும், கிராம்பு, சுக்கு மாதிரி ஒரு காரமும் தட்டுப்படும். போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாயில் ஊறியதென்றால் வனிலா வரும். ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பீப்பாய் என்றால் உலர்ந்த திராட்சை. ரெட்பிரெஸ்ட் 12 இரண்டு வகைப் பீப்பாயிலும் இருந்தது, அதனால் பழகுவதற்கு அது நல்ல பாடம்.

இப்போது ஸ்பூனால் நாலு சொட்டுத் தண்ணீர். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். எரிச்சல் பின்வாங்கி, அடியில் ஒளிந்திருந்த பழவாசனை மேலே வரும். எவ்வளவு தண்ணீர் என்பது உங்கள் இஷ்டம். யாராவது முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள். நடுவே மூக்கு சோர்ந்துவிட்டால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகர்ந்துவிட்டுத் தொடருங்கள். காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள், நாள் முழுக்க அதிலேயே கிடப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மூக்கில் இன்னொரு வாசனையை ஏற்றும், அவ்வளவுதான்.

பாட்டில் அட்டையில் எழுதியிருக்கும் வர்ணனையைக் கடைசியில் படியுங்கள். அதில் 'பச்சை ஆப்பிள், தோல், தேன்மெழுகு' என்றிருந்தால் உடனே உங்கள் மூக்கும் அதையே தேடும். எனக்கு ஒரு மால்ட்டில் வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை வந்தது. பப்காரருக்கு வெல்லம் என்றால் என்னவென்று மகள் செல்போனில் படம் காட்டி விளக்க வேண்டியிருந்தது.

மகள் முன்னால் உட்கார்ந்து குடிப்பதா என்று ஆரம்பத்தில் எனக்குக் கூச்சம்தான். "அப்பா, சாமி கும்பிடுற மாதிரி கண்ணை மூடிக்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் சொன்ன பிறகு அது போய்விட்டது. அவள் காரோட்டுகிறவள், அதனால் ஒரு சொட்டும் தொடமாட்டாள். அங்கே ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மில்லிகிராம் வரைதான் வரம்பு, பழகுநருக்கும் புதிதாக உரிமம் எடுத்தவருக்கும் 20. கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், ஓட்டுகிறவர் குடிக்க வேண்டாம்.

ஆலையும் பார்க்கணும் என்றால் ஒரு விஷயம். டப்ளினில் போ தெருவில் உள்ள ஜேம்சன் கட்டடம் 1780இல் தொடங்கிய இடம்தான், ஆனால் அங்கே வடிப்பதை 1971இலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது காட்சிக்கூடம், ருசிபார்க்கும் கூடம். ஜேம்சன் விஸ்கி வடிவது கார்க் பக்கத்தில் மிடில்டனில். கார்க்கிலிருந்து ரயிலிலேயே போகலாம், கார் தொல்லை இல்லை. பழைய மிடில்டன் ஆலையில் 1,40,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும் செப்புக் கொப்பரை ஒன்று நிற்கிறது. உலகிலேயே பெரியது என்பார்கள், பார்த்தால் நம்பத் தோன்றும். டப்ளினை விட்டு நகர முடியாதவர்கள் 2015இல் திறந்த டீலிங் ஆலைக்குப் போகலாம், அங்கே நிஜமாகவே அடுப்பு எரிகிறது. எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சக்கரத்தோடு இருக்கும் கில்பெகன். புஷ்மில்ஸ் ஆலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: அது இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனோடு சேர்ந்த பகுதியில். எல்லையில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்பதற்காக விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. இந்தியர்களுக்கு இரண்டு நாட்டுக்கும் செல்லும் கூட்டு விசா ஏற்பாடு ஒன்று உண்டு, விண்ணப்பிக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

காபி பிறந்த இடம்

லிமரிக்கிலிருந்து ஷானன் ஆற்றங்கரையோடு மேற்கே போனால் ஃபாய்ன்ஸ் என்ற சின்ன ஊர். அட்லாண்டிக்கைத் தாண்டும் கடல் விமானங்கள் போர்க்காலத்தில் இந்த ஆற்றில்தான் இறங்கின. அங்கிருந்த உணவகத்தில் ஜோ ஷெரிடன் என்பவர் தலைமைச் சமையல்காரர். 1943 குளிர்காலத்தில் ஒரு விமானம் மோசமான வானிலையால் பாதி வழியில் திரும்பி வந்தது, நடுங்கிக்கொண்டு இறங்கிய பயணிகளுக்கு அவர் காபியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார் என்பது அந்த ஊர்க் கதை. பழைய முனையக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். போயிங் 314 விமானத்தின் முழு அளவு மாதிரிக்குள் ஏறிப் பார்க்கலாம். ஐரிஷ் காபியைக் கையில் எடுத்துச் செய்யவும் அங்கே கற்றுத்தருகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனவர் ஸ்டான்டன் டெலபிளேன் என்ற பத்திரிகையாளர். 1952 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் புவெனா விஸ்டா கடைக்காரரோடு சேர்ந்து போட்டுப் பார்த்தார். ருசி வந்தது, கிரீம் மட்டும் மூழ்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பால்பண்ணை நடத்திய ஜார்ஜ் கிறிஸ்டபர் (பின்னாளில் அந்த நகர மேயர்) 48 மணி நேரம் வைத்திருந்த கிரீமை நுரைத்தால் மிதக்கும் என்று வழி சொன்னாராம். ஆக, இதில் கஷ்டம் கிரீமில்தான் இருக்கிறது. விஸ்கியை யாரும் ஊற்றிவிடலாம்.

செய்முறை

பிடியோ தண்டோ உள்ள, சூடு தாங்கும் 200 மி.லி. கிளாஸ். அதில் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால் காபி ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

பழுப்புச் சர்க்கரை ஒன்றரை டீஸ்பூன். "நான் சர்க்கரை போடமாட்டேன்" என்பவர்கள் இங்கே மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, கலந்தால் காபியும் லேசாகும். சர்க்கரை கரைந்தால்தான் அதற்குக் கனம் வரும், மேலே கிரீம் நிற்கும். அடியில் மணல் மாதிரி தங்காமல் முழுதாகக் கரையணும்.

காபி 120 மி.லி., அப்போதுதான் போட்டது, நல்ல சூடு, பால் இல்லாமல். நடுத்தர வறுவல் போதும். கருக வறுத்த தூளின் கசப்பு விஸ்கியை மூடிவிடும். நம் டிக்காஷனில் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக. கெட்டி டிக்காஷன் 50 மி.லி., மீதிக்கு வெந்நீர். ஆனால் சிக்கரி கலக்காத தூள் வாங்குங்கள். எண்பதுக்கு இருபது விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன். சிக்கரியின் அடிக்கசப்பு பாலோடு சேர்ந்தால் அழகு, விஸ்கியோடு சேர்ந்தால் சண்டை.

சர்க்கரை மேல் காபியை ஊற்றிக் கலக்கி, அப்புறம் விஸ்கி 35 முதல் 50 மி.லி. வரை. கடைசியில் சேர்த்தால் வாசனை அதிகம் ஆவியாகாது. எந்த விஸ்கி? பிளெண்டட்தான், அதிலும் பாட் ஸ்டில் தூக்கலாக இருக்கும் பவர்ஸ் என் தேர்வு. காரம் காபியைத் தாண்டி வந்து நிற்கும். ரெட்பிரெஸ்டைக் காபியில் ஊற்றுவது காசைக் கரைப்பது. மூன்று கிளாஸ் வைத்து முகர்ந்து பார்த்தவருக்கு இது சொல்லாமலே புரியும்.

இனி கிரீம். கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல், ஃபிரிட்ஜின் குளிர் போகாமல். ஒரு சின்ன ஜாம் பாட்டிலில் 50 மி.லி. ஊற்றி மூடி குலுக்குங்கள். முதலில் சளசளவென்று சத்தம் வரும். சத்தம் மெல்ல மழுங்கி, தொப் தொப்பென்று கேட்கும்போது நிறுத்துங்கள். திறந்து பார்த்தால் மேலே பெரிய குமிழி இருக்கக் கூடாது. சாய்த்தால் தோசை மாவைவிடக் கொஞ்சம் மெதுவாக இறங்க வேண்டும். கேக்கின் மேல் வைப்பது போல முனை நின்றால் தாண்டிவிட்டீர்கள், இரண்டு ஸ்பூன் கிரீம் சேர்த்து மெதுவாகக் கலந்தால் சரியாகிவிடும்.

ஒரு ஸ்பூனை வெந்நீரில் முக்கி, கவிழ்த்து, அதன் முதுகு காபியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கிளாஸின் ஓரத்தில் பிடியுங்கள். காபியின் சுழல் முதலில் நிற்கட்டும். ஸ்பூன் முதுகின் மேல் கிரீமை மெல்லிய ஒழுக்காக விடுங்கள், மட்டம் ஏற ஏற ஸ்பூனையும் உயர்த்துங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல கோடு தெரிந்தால் சரி. கோடு கலங்கிப் பழுப்பானால் கிரீம் நீர்த்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் குலுக்குங்கள். கிரீம் ஒன்றரை சென்டிமீட்டர் போதும்.

கலக்கக் கூடாது, ஸ்ட்ரா கூடாது. கிளாஸைச் சாய்த்து, குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காபி வரும்படி உறிஞ்சுங்கள். கிரீமில் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். மேலே சாக்லேட் தூவுகிறவர்களை நான் தடுப்பதில்லை, என் வீட்டில் மட்டும் அனுமதி இல்லை.

ஊர் திரும்பிச் செய்யும்போது தடுக்குவது கிரீம்தான். இங்கே அட்டைப் பெட்டியில் வரும் ஃபிரெஷ் கிரீமில் பெரும்பாலும் கொழுப்பு 25 சதவீதம், எவ்வளவு குலுக்கினாலும் ஏறாது. பேக்கரிக்காரர்கள் வாங்கும் விப்பிங் கிரீம் பலதும் இனிப்பு சேர்த்த தாவரக் கொழுப்பு, அது காபியில் மெழுகுபோல் ஒட்டும். பாலிலிருந்து எடுத்தது என்று எழுதி, கொழுப்பு அளவும் போட்டிருக்கும் விப்பிங் கிரீமைத் தேடிப் பிடியுங்கள். பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை நன்றாகவே பொருந்துகிறது, வடிகட்டிய பாகாகச் சேர்த்தால் கசடும் நிற்காது.

பாட்டில் வாங்கி வருகிறவர்களுக்கு: அயர்லாந்துக் கடைகளில் காலை 10.30க்கு முன்பும் இரவு 10க்குப் பின்பும் மது விற்கமாட்டார்கள், ஞாயிறன்று பகல் 12.30க்குத்தான் தொடக்கம் என்பதே நான் பார்த்த வழக்கம். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவத்தைப் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள், அதனால் துணிகளுக்கு நடுவே சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். நம் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 700 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு தாராளம், மூன்றாவது கணக்கைத் தாண்டிவிடும். ஒன்று காபிக்குப் பவர்ஸ், இன்னொன்று தனியே ருசிக்க ஒரு பாட் ஸ்டில் என்று வாங்குங்கள்.