நெகிழ்வான வேலை நேரம்: முதலில் பஞ்சிங் மெஷினை மாற்றுங்கள்

"அவரவர் வசதிப்படி வரலாம்" என்று மீட்டிங்கில் அறிவித்துவிட்டு, பஞ்சிங் மெஷினில் 9.30 ஷிப்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிட கிரேஸ் (தாமதச் சலுகை) தாண்டினால் லேட் மார்க், மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு என்ற பழைய கணக்கு சாஃப்ட்வேரில் ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் பிடித்ததும், அந்த அறிவிப்பை அதன் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே நெகிழ்வு நேரத்துக்கு ஆபீஸ் ஆர்டர் போடும் முன் அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேரில் தனி ஷிப்ட் உருவாக்குங்கள். காலை 8 முதல் 11 வரை எப்போது பஞ்ச் செய்தாலும் லேட் விழக்கூடாது. மொத்த மணி நேரத்தை வாரக் கணக்கில் பாருங்கள். முதல் மாதம் சம்பளம் போடுவதற்கு முன் லேட் ரிப்போர்ட்டை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

சட்டமும் குறுக்கே வரும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் கீழ் வரும் இடங்களில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான். அதற்கு மேல் போனால் ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். அப்போதும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக்கூடாது. ஊழியரே விரும்பிக் கேட்டாலும் 12 மணி வீதம் நாலு நாளில் வாரத்தை முடிக்க விட முடியாது. தினசரி அளவை ஏழரை மணியாக வைத்தால், விட்ட நேரத்தை ஈடுகட்ட நாளுக்கு அரை மணி கையில் இருக்கும்.

எல்லோரும் இருக்க வேண்டிய நேரம் 11.30 முதல் 3.30 வரை போதும். மீட்டிங் எல்லாம் அதற்குள் முடியட்டும்.

ரிசப்ஷன், கவுண்டர், டெஸ்பாட்ச் ஆட்களை "உங்களுக்குப் பொருந்தாது" என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். டியூட்டி சார்ட்டை இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள். கவுண்டரில் எத்தனை பேர் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து வருபவருக்கு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. அவர் திரும்பும் முன்பே பேசி, எத்தனை மாதம், வாரத்தில் எந்தெந்த நாள் என்று எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் டீம் லீடர் மாறியதும் அது காணாமல் போகும்.

மூன்று மாதம் கழித்து யார் யார் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். பெண்கள் மட்டும்தான் என்றால் மற்றவர்கள் அப்ரைசலில் (வேலை மதிப்பீட்டில்) மார்க் குறையும் என்று பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பயம் போக, மேனேஜர்கள் வாரத்தில் ஒரு நாளாவது 11 மணிக்கு வரட்டும்.